கடன் வரும்வரை என்ன செய்வது? சுங்கை சிப்புட்டிலிருந்து சன்வே வரை

மலேசியாவில் ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் முடிவு வந்த வாரத்திலேயே தனியார் கல்லூரிகளிடமிருந்து வாட்ஸ்அப் வர ஆரம்பித்துவிடும். நம் எண் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டுப் பயனில்லை. "இடம் உறுதி, முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்பார்கள். இடம் கிடைப்பது உண்மையிலேயே கஷ்டமில்லை. ஐந்து பாடங்களில் கிரெடிட், அதாவது நல்ல தேர்ச்சி, இருந்தால் டிகிரிக்கு முந்தைய ஃபவுண்டேஷன், மூன்றில் இருந்தால் டிப்ளோமா. ஆனால் கட்டண பில் வரும் நாளுக்கும் பிடிபிடிஎன் எனும் அரசாங்கக் கல்விக் கடன் வந்து சேரும் நாளுக்கும் நடுவில் சில மாதங்கள் ஓடிவிடும். எங்களைப் போன்ற குடும்பங்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

அப்பா பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார். அம்மா பள்ளி கேண்டீனில் சமைக்கிறார். நான் எஸ்பிஎம் எழுதிய வருடம் அரசாங்கத்தின் பல்கலைக்கழக முன்படிப்பான மெட்ரிகுலேஷனுக்கும் விண்ணப்பித்தேன். 10ஏ, அதற்கு மேல் எடுத்தவர்கள் எந்த இனமானாலும் இடம் உண்டு என்று 2024 ஜூன் கடைசியில் அரசாங்கம் அறிவித்தது. என்னுடையது அந்த மாதிரி முடிவு இல்லை. அரசாங்கப் பள்ளியிலேயே ஆறாம் படிவம் போயிருக்கலாம். செலவு மிகக் குறைந்த வழி அதுதான், யார் கேட்டாலும் அதையும் யோசித்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் எனக்குக் கணக்கியல்தான் வேண்டும், சீக்கிரம் வேண்டும்.

ஈப்போவில் நடந்த கல்விக் கண்காட்சியில் ஓர் ஏஜெண்ட் ஃபவுண்டேஷன் எடுக்கச் சொல்லி விடாமல் பேசினார். ஒரு வருடம் ஃபவுண்டேஷன், மூன்று வருடம் டிகிரி, நான்கே வருடத்தில் பட்டதாரி என்றார். ஃபவுண்டேஷனுக்கு பிடிபிடிஎன் கடன் கிடையாது என்பது மட்டும் அவர் வாயில் வரவே இல்லை. அதைச் சொன்னது பெரியப்பா மகள். டிப்ளோமாவுக்குக் கடன் உண்டு. இரண்டு வருட டிப்ளோமாவை முடித்து, மதிப்பெண் சரியாக இருந்தால் பல பல்கலைக்கழகங்களில் டிகிரி இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். கூட்டினால் அதே நான்கு வருடம். முதல் வருடச் செலவு முழுக்க நம் கையிலிருந்து போகிறதா இல்லையா என்பதே வித்தியாசம். "அஞ்சு கிரெடிட் வச்சிக்கிட்டு டிப்ளோமாவா?" என்று கோயில் திருவிழாவில் ஒரு மாமி கேட்டார். அவர் கட்டணம் கட்டப் போவதில்லை என்பதால் சிரித்துவிட்டு வந்தேன்.

பிறகு நாங்களே தேடினோம். படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்கியூஏ அமைப்பின் இணையப் பதிவேட்டில் படிப்பின் பெயரைப் போட்டால் அங்கீகாரம் இருக்கிறதா, தற்காலிகமா முழுமையா என்று தெரிந்துவிடும். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குக் கடன் வராது. அழகான கட்டடம், நீச்சல் குளம் எல்லாம் அதற்கு அப்புறம். கடைசியில் கோலாலம்பூர் பக்கத்தில் பண்டார் சன்வேயில் ஒரு பல்கலைக்கழகத்தை முடிவு செய்தோம். முழுக்க நகரம். ஒரு காலத்தில் ஈயக்குட்டையாகக் கிடந்த நிலமாம். ஈயச் சுரங்கங்களைப் பார்த்துப் பழகிய பேராக்காரர்களுக்கு அது ஒன்றும் அதிசயமில்லை.

பிடிபிடிஎன் விண்ணப்பம் முழுவதும் இணையத்தில்தான். முதலில் எஸ்எஸ்பிஎன் எனும் கல்விச் சேமிப்புக் கணக்கு வேண்டும். 20 வெள்ளியில் (ரிங்கிட்) திறக்கலாம். குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கம் தரும் எஸ்டிஆர் உதவித்தொகை பெறும் குடும்பம் என்பதால் எனக்கு உச்ச அளவுக் கடன் கிடைக்கும் நிலை. ஆனால் உச்ச அளவு என்றால் முழுக் கட்டணம் என்று அர்த்தமில்லை. தனியார் கட்டணம் அதைத் தாண்டித்தான் நிற்கும். தவிர, பல்கலைக்கழகத்தில் பதிந்து மாணவர் எண் வந்த பிறகே விண்ணப்பிக்க முடியும். அப்புறம் கடனுக்கு ஒப்புதல், ஒப்பந்தம், முத்திரைத் தீர்வை என்று ஒவ்வொன்றாக நடக்க வேண்டும். முதல் செமஸ்டர் பாதி தாண்டியும் காசு வரவில்லை.

இடைவெளியை அடைத்தது அப்பாவின் ஊழியர் சேமநிதி. பிள்ளைகளின் டிப்ளோமா, டிகிரிக் கட்டணத்துக்கு அதிலிருந்து எடுக்கலாம். 2024 மே மாதம் கணக்குகளை மூன்றாகப் பிரித்த பிறகு, கல்விக்கான பணம் அவற்றில் செஜாத்தெரா எனும் கணக்கிலிருந்து வருகிறது. பிறப்புப் பத்திரம், சேர்க்கைக் கடிதம், கட்டண பில் கேட்டார்கள். கடன் வந்த பிறகும் கட்டணத்தில் விழும் துண்டுக்கு எடுக்கலாம் என்பது இன்னும் நல்ல செய்தி. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பணம் போட அப்பாவின் பழைய வங்கிக் கணக்கைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வங்கியில் கைரேகை இயந்திரம் அவர் கட்டைவிரலைப் படிக்கவே இல்லை. இருபது வருடம் அரிவாள் கம்பு பிடித்த கை, ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. ஈரத் துணியால் துடைத்து, இன்னொரு விரலை வைத்து, மறுபடி துடைத்து, கடைசியில் இடது கட்டைவிரல் ஏறியது. தோட்டத்து அப்பாக்களை அழைத்துப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள்.

அறை வாடகையையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை எல்லாம் சாவி வாங்கும் முன்பே கட்ட வேண்டும். அந்தத் தொகை அம்மாவின் சீட்டிலிருந்து வந்தது.

வகுப்பு தொடங்கியதும் காசைத் தவிர வேறு கவலைகளும் வந்தன. விரிவுரையாளர் பேசும் ஆங்கிலம் புரிந்தது. குழுவில் நான் பேச வேண்டிய நேரத்தில்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் சீனத் தனியார் பள்ளியில் படித்தவர்கள், இந்தோனேசிய மாணவர்கள், எல்லோரும் வேகமாகப் பேசுவார்கள். கட்டுரையை டர்னிட்டின் எனும் மென்பொருளில் ஏற்றினால் பிறர் எழுத்தோடு எங்கெங்கே ஒத்துப்போகிறது என்று நிறம் போட்டுக் காட்டும். இடைநிலைப்பள்ளியில் புத்தகத்தைப் பார்த்து எழுதியே நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. நூலகத்தில் இரவு வரை உட்கார்ந்து சொந்த வாக்கியம் எழுதப் பழகினேன். அதைவிட உதவியது மாமாக் கடை, இந்திய முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடை. கெடாவிலிருந்து வந்த ஒரு தோழியும் குளுவாங்கிலிருந்து வந்த இன்னொருத்தியும் நானும் ஒரு கப் தே தாரே டீக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, இருப்புநிலைக் கணக்கைத் தமிழில் சண்டை போட்டுப் புரிந்துகொள்வோம்.

இந்தியக் கலாச்சாரக் கழகம் பொங்கல் வைத்தது. மின்சார அடுப்பில் பொங்கிய பொங்கல், என்ன செய்வது, கட்டட விதி. கோலம் மட்டும் நன்றாக வந்தது.

ஊருக்கு வர சேதியா ஜெயா வரை பிஆர்டி பேருந்து, அங்கிருந்து கேடிஎம் ரயிலில் கேஎல் சென்ட்ரல், பிறகு இடிஎஸ் விரைவு ரயில். சுங்கை சிப்புட்டில் எல்லா ரயிலும் நிற்காது. தீபாவளி டிக்கெட் கிடைக்கவில்லையென்றால் பேருந்தில் ஈப்போ வந்து அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்குக் காத்திருப்பேன்.

இப்போது டிப்ளோமா கடைசி செமஸ்டர். டிகிரிக்குப் பழைய கடன் அப்படியே தொடராது. புது விண்ணப்பம், புது ஒப்பந்தம், மறுபடியும் அதே இடைவெளி. அப்பா சேமநிதிக் கணக்கைப் பார்த்துவைத்திருக்கிறார். இரண்டு பல்கலைக்கழகங்களிடம் கட்டணப் பட்டியல் வாங்கியிருக்கிறேன். எந்தத் துறை எடுத்தாலும் கட்டாயமாகப் படிக்க வேண்டிய எம்பியூ பாடங்களின் கட்டணம் ஒன்றில் சேர்ந்திருக்கிறது, இன்னொன்றில் தனி. மலிவாகத் தெரிந்தது அந்த இரண்டாவதுதான்.