பாஷிகா: எண்ணெயும் பாட்டும்

ஏப்ரல் 14, 2024, ஞாயிறு

வட ஈராக்கில் மோசூலுக்கு வடகிழக்கே, மலையடிவாரத்தில் பாஷிகா. அதை ஒட்டினாற்போல் பஹ்ஸானி. தனிச் சமயம் கொண்ட யாசிதிகளும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் தலைமுறைகளாகச் சேர்ந்திருந்த இரட்டை ஊர்கள்.

சாயங்காலம் ஒலிவத் தோப்புக்குப் போனேன். ஒரு மரத்தின் அடிமரம் கரிக்கட்டையாக நிற்கிறது. வேரடியில் விரல் தடிமனில் ஏழெட்டுக் கிளைப்புகள். இலையின் அடிப்பக்கம் வெள்ளிப் பூச்சு. தோப்புக்காரர் இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிப் போட்டார். "எல்லாத்தையும் விட்டா ஒண்ணுமே மரமாகாது" என்றார்.

ஏப்ரல் 15, திங்கள்

2014 ஆகஸ்ட் 6 இரவைப் பற்றி வீட்டுக்கார அம்மா இன்று பேசினார். மூன்று நாள் முன்புதான் யாசிதிகள் திரளாக வாழ்ந்த சிஞ்சார் ஐ.எஸ். ஆயுதக் குழுவிடம் விழுந்திருந்தது. ஒரே இராத்திரியில் ஊர் காலி. விட்டுவந்த எண்ணெய் ஜாடிகளை நினைத்து வழியெல்லாம் அழுதாராம். பிள்ளைகள் கூடவே இருந்ததால்தான் ஜாடிக்காக அழ முடிந்தது என்கிறார். சிஞ்சாரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் முன்னால் அதைச் சொல்ல இன்றும் கூசுகிறதாம்.

2016 நவம்பரில்தான் ஊர் மீண்டது. அதற்குள் கூம்புக் கோபுரக் கோயில்களை ஐ.எஸ். வெடிவைத்துத் தகர்த்திருந்தது. இப்போது நிற்பவை ஊரார் திரும்பக் கட்டியவை. யாசிதிகள் மயில் உருவில் போற்றும் தலைமை வானவர் தாவூஸி மெலெக்கைச் சாத்தான் என்று பிறர் சொல்லிச் சொல்லியே இவர்களைக் கொன்றிருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது.

ஏப்ரல் 16, செவ்வாய்

லாலிஷ், யாசிதிகளின் புனிதத் தலம். செருப்பைக் கழற்றி, வாசற்படியை மிதிக்காமல் தாண்டி அவர்கள் போற்றும் மகான் ஷேக் ஆதியின் அடக்கத்தலத்துக்குள் போனோம். இருட்டியதும் முற்றமெங்கும் எண்ணெய்த் திரிகள்.

ஏப்ரல் 17, புதன்

சிவப்புப் புதன், யாசிதிப் புத்தாண்டு. வாசல் நிலையில் சிவப்புக் காட்டுப்பூவும் சாயமிட்ட முட்டை ஓடும் களிமண்ணால் ஒட்டியிருக்கின்றன.

மறைப்பாடல்களைப் பாடும் கவ்வால்கள் இந்த இரண்டு ஊர்க்காரர்களே. வீட்டில் பேசுவது அரபு, பாடுவது குர்மாஞ்சி என்ற குர்தி மொழி வழக்கில். காலங்காலமாக ஏட்டில் இல்லாமல் நாவிலேயே வந்த பாட்டு அது. ஊரை விட்டு ஓடியபோது அதைத் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கவில்லை.

பஹ்ஸானியில் ஒரு பெரியவர் தஃப் என்ற கைமேளத்தின் தோலை அடுப்பருகே காட்டிச் சூடேற்றினார். விரலால் தட்டிப் பார்த்தார், மறுபடி காட்டினார். பிறகு பாட ஆரம்பித்தார். பக்கத்தில் பேரன். மூன்றாவது வரியில் பையன் தடுக்கினான். பெரியவர் கையை நிறுத்தவில்லை. அடுத்த வரியில் அவனே வந்து சேர்ந்துகொண்டான்.