தெரு சொன்ன வாதமும் கூண்டில் சொன்ன வாதமும்

1959-இல் பம்பாயில் ஒருவரைச் சுட்டுக் கொன்றதாக விசாரிக்கப்பட்ட கடற்படை கமாண்டர் நானாவதியின் வழக்கைக் கேள்விப்பட்டவர்களிடம், அவர் நீதிமன்றத்தில் என்ன சொல்லித் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்த்தார் என்று கேட்டுப் பாருங்கள். மனைவிக்கு வேறொருவரோடு உறவு இருப்பதை அறிந்ததும் ஆத்திரம் தாங்காமல் சுட்டுவிட்டதாகச் சொன்னார் என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். விசாரணையில் அவர் நின்ற நிலை அதுவன்று. கைகலப்பில் துப்பாக்கி தற்செயலாக வெடித்துவிட்டது, கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை என்பதே அவர் சொன்னது.

நான் வழக்கறிஞன் அல்லன். 22 ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். கட்டுகளைச் சுமந்தும், வாய்தாத் தேதிகளைக் குறித்தும், சீனியர் கேட்ட தீர்ப்புத் தொகுதியை வழக்கறிஞர் சங்க நூலகத்திலிருந்து எடுத்துவந்து உரிய பக்கத்தில் துண்டுச் சீட்டு வைத்துக் கொடுத்தும் பிழைத்தவன். கொலை வழக்கு எது வந்தாலும் என் சீனியர் முதலில் கேட்கும் தொகுதி ஏ.ஐ.ஆர். 1962, அதாவது ஆல் இந்தியா ரிப்போர்ட்டர் என்ற தீர்ப்புத் தொகுப்பின் அந்த ஆண்டுத் தொகுதி. 605-ஆம் பக்கத்தில் நானாவதி வழக்கின் தீர்ப்பு இருக்கிறது. அடிக்கடி எடுத்ததால் அந்த இடத்தில் தொகுதி தானாகவே திறந்துகொள்ளும். சென்ற வாரம் முடிதிருத்தகத்தில் காத்திருந்தபோது, தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கொலை வழக்கின் எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றி, 'இவன் பைத்தியம் என்று சொல்லித் தப்பிவிடுவான்' என்றும், 'இல்லை, காதல் தோல்விதான் காரணம், அதைச் சொன்னால் தண்டனை குறையும்' என்றும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். குற்றப்பத்திரிகையே இன்னும் தாக்கலாகாத வழக்கு அது. அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது இந்தப் பழைய பம்பாய் வழக்குதான்.

நடந்தது 1959 ஏப்ரல் 27 அன்று. கவாஸ் மானெக்‌ஷா நானாவதி, ஐ.என்.எஸ். மைசூர் போர்க்கப்பலில் இரண்டாம் நிலை அதிகாரி. ஆங்கிலேயரான மனைவி, மூன்று குழந்தைகள். கடலுக்குப் போய்த் திரும்பியவரிடம் மனைவி விலகியே இருந்திருக்கிறார். அன்று நண்பகலில் அவர் வற்புறுத்திக் கேட்டபோது, கார் விற்பனை நிறுவனம் நடத்திவந்த பிரேம் அகுஜா என்பவரோடு தனக்கு உறவு உண்டென்று மனைவி ஒப்புக்கொண்டார். இதற்குப் பிறகு நடந்தவற்றைத் தீர்ப்பு நிதானமாக அடுக்கிச் சொல்கிறது. மனைவியையும் பிள்ளைகளில் இருவரையும் அண்டை வீட்டுக் குழந்தை ஒன்றையும் காரில் ஏற்றிக்கொண்டு போய் மெட்ரோ திரையரங்கில் இறக்கிவிட்டு, படம் முடிந்ததும் 6 மணிக்கு வந்து அழைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். அங்கிருந்து கப்பலுக்குப் போகிறார். நோயுற்றிருந்த தன் நாய்க்கு மருந்து வாங்கப் போனதாக அவர் பின்னர் சொன்னார். கப்பலில், இரவில் தனியாக அகமதுநகருக்குக் காரோட்டிப் போக வேண்டியிருக்கிறது என்று பொய்க் காரணம் சொல்லி, ஒரு ரிவால்வரும் 6 தோட்டாக்களும் பெற்று, பழுப்பு நிற உறை ஒன்றில் போட்டுக்கொள்கிறார். அகுஜாவின் அலுவலகத்துக்குப் போகிறார். அவர் அங்கே இல்லை. வீட்டுக்குப் போகிறார். வேலைக்காரர் கதவைத் திறக்கிறார். நானாவதி நேரே படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்ததைச் சொல்ல உயிரோடிருந்தவர் ஒருவர்தான். அவர் சொன்னது இது: அகுஜாவைக் கேவலமாகத் திட்டி, 'என் மனைவியை மணந்துகொண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொள்வாயா?' என்று கேட்டேன். 'உறவு வைத்துக்கொண்ட பெண்களை எல்லாம் நான் மணக்க வேண்டுமா?' என்று அவர் திருப்பிக் கேட்டார். உறையை அலமாரி மேல் வைத்துவிட்டு அவரை அடிக்கப் போனேன். அவர் உறையைப் பிடுங்கப் பாய்ந்தார். நான் முந்திக்கொண்டு எடுத்தேன். கைகலப்பில் குண்டுகள் பாய்ந்துவிட்டன. துப்பாக்கி வாங்கியது எதற்காக என்ற கேள்விக்கு, என்னை நானே சுட்டுக்கொள்வதற்காக என்பது அவருடைய பதில்.

இந்த வழக்கைப் பற்றி எழுதும் எவரும் அகுஜாவின் அந்தக் கேள்வியை விடுவதில்லை. அதைப் படித்தவுடன் வாசகருக்கு இறந்தவர் மீது அருவருப்பும் கொன்றவர் மீது பரிவும் வந்துவிடுகிறது. ஆனால் அந்த வாக்கியத்துக்குச் சாட்சி யார்? குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. அகுஜா அப்படிச் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். சொல்லியிருந்தாலும் அது கொலைக்குரிய ஆத்திரமூட்டலாகாது என்று உச்ச நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. முதலில் வசை பாடியவர் எதிரிதான், அதற்கு எதிர்வசை வந்ததைக் காட்டிக் கொலையைக் குறைத்துக்கொள்ள முடியாது என்பது நீதிமன்றத்தின் கருத்து. தெருவில் மிக அதிகம் எடுபட்ட வாக்கியம் நீதிமன்றத்தில் எள்ளளவும் எடுபடவில்லை.

பம்பாய்த் தெருக்களில் அப்போது பேசப்பட்ட பேச்சு வேறு உலகத்துப் பேச்சு. ஆர்.கே. கரஞ்சியாவின் பிளிட்ஸ் வார இதழ் நானாவதியை முழுமூச்சாக ஆதரித்தது. 25 நயா பைசா இதழ் 2 ரூபாய் வரை விலைபோனது. நானாவதி துப்பாக்கி என்று பொம்மைகளும் அகுஜா துண்டு என்று துண்டுகளும் நடைபாதைக் கடைகளில் விற்றன. நாட்டுக்காகக் கடலில் கிடந்த அதிகாரி, அவர் இல்லாத நேரத்தில் வீட்டுக்குள் புகுந்த பணக்காரப் பிரம்மச்சாரி என்று இரண்டு சித்திரங்கள் எழுதப்பட்டுவிட்டன. செத்தவர் எழுந்துவந்து மறுக்கப்போவதில்லை. பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனனுக்கு வேண்டியவர் நானாவதி என்பதும், பார்சிகள் ஒருபுறமும் அகுஜாவின் சமூகமான சிந்திகள் மறுபுறமும் நிற்கிறார்கள் என்பதும் ஊர்ப்பேச்சாயின. எல்லாப் பேச்சுக்கும் அடியில் இருந்த எண்ணம் ஒன்றுதான்: மானமுள்ள ஆண்மகன் செய்ய வேண்டியதைத்தான் அவர் செய்தார்.

ஆனால் அந்த வாதம் நானாவதிக்கு எந்த வகையில் உதவும்? அவர் வேண்டுமென்றே சுட்டார் என்பதை ஒப்புக்கொண்டால்தானே அதைப் பாராட்ட முடியும்? சுட்டதை நியாயப்படுத்தி அவருடைய ஆதரவாளர்கள் பேசிய ஒவ்வொரு சொல்லும், அவருக்குக் கொல்ல வலுவான நோக்கம் இருந்தது என்ற அரசுத் தரப்பின் கூற்றுக்கே முட்டுக்கொடுத்தது. என் சீனியர் ஒருமுறை, தம் கட்சிக்காரருடைய உறவினர்கள் கூட்டமாக அறைக்கு வந்து, 'ஐயா, எங்க பையன் மானத்துக்காகத்தான் செஞ்சான், ஊரே அதைத்தான் சொல்லுது' என்று பெருமையோடு சொன்னபோது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, 'அப்படியானால் உங்கள் ஊரே அரசுத் தரப்புச் சாட்சியாக வந்துவிட்டது' என்றார். அந்தப் பையன் சம்பவ இடத்திலேயே இல்லை என்பதாக அதுவரை எங்கள் வாதம் இருந்தது. கட்டின் சிவப்பு நாடாவை நான் அவிழ்ப்பதா கட்டுவதா என்று தெரியாமல் நின்றேன்.

தெருவில் இருப்பவர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல் என்ற விதிவிலக்கு யாரையும் விடுதலை செய்வதில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 300-ஆம் பிரிவில் அது முதல் விதிவிலக்காக இருந்தது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் எண் மாறியதே தவிர விதிவிலக்கு மாறவில்லை. அது மெய்ப்பிக்கப்பட்டால் கொலை என்பது கொலையாகாத மரணம் விளைவித்தலாகக் குறையும். சிறை அப்போதும் உண்டு. முழு விடுதலை வேண்டுமானால் தற்செயல் விபத்து என்றுதான் நிற்க வேண்டும். கார்ல் கண்டாலவாலா முன்னின்று நடத்திய எதிரித் தரப்பு அந்த வழியைத் தேர்ந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆத்திரமூட்டல் வாதம் மேல் நீதிமன்றங்களில்தான், 'ஒருவேளை வேண்டுமென்றே சுட்டிருந்தாலும்' என்ற மாற்று வாதமாக, விபத்து வாதத்தோடு சேர்த்து வைக்கப்பட்டது. இரண்டும் ஒரே வாயில் நிற்கக்கூடிய வாதங்களல்ல என்பது குமாஸ்தாவுக்கே தெரியும்.

1959 அக்டோபரில், குற்றவாளியா இல்லையா என்று சொல்லப் பொதுமக்களிலிருந்து அமர்த்தப்பட்ட ஜூரிகள் 9 பேரில் 8 பேர் குற்றவாளி அல்லர் என்றார்கள். வெளியில் கொண்டாடியவர்கள், தாங்கள் நம்பாத ஒரு காரணத்துக்காகக் கிடைத்த விடுதலையைக் கொண்டாடினார்கள். செஷன்ஸ் நீதிபதி ஆர்.பி. மேத்தா, நியாய உணர்வுள்ள எவரும் இந்தச் சாட்சியத்தின் மேல் இந்த முடிவுக்கு வர முடியாது என்று கருதி, வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்தார். நீதிபதிகள் ஷேலத், நாயக் இருவரும் 1960 மார்ச் 11 அன்று கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். விபத்து என்று ஒருவர் சொன்னால் அதற்கு ஆதாரம் காட்டும் சுமை அவரைச் சேரும் என்பதை ஜூரிகளுக்கு விளக்காமல் விட்டது, மேத்தாவின் அறிவுறுத்தலில் அவர்கள் கண்ட பிழைகளுள் ஒன்று. அன்றைக்கே, முன்பு சென்னை மாநில ஆளுநராக இருந்து அப்போது பம்பாய் ஆளுநராக இருந்த ஸ்ரீபிரகாசா, தண்டனையை நிறுத்திவைத்து நானாவதியைக் கடற்படைக் காவலிலேயே இருக்கச் செய்தார். உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது ஆளுநருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று பின்னர் அரசியல் சாசன அமர்வு சொல்ல நேர்ந்தது.

1961 நவம்பர் 24 அன்று வந்த இறுதித் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கே. சுப்பாராவ். சென்னையில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தி, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தவர். ஆத்திரமூட்டல் பற்றிய பகுதியில் அவர் ஆங்கிலேய வழக்குகளோடு, சென்னை உயர் நீதிமன்றத்தின் 1881-ஆம் ஆண்டுப் பழைய வழக்கான போயா முனிகாடு வழக்கையும் எடுத்துப் பேசுகிறார். அதில் கணவன், மனைவியையும் இன்னொருவனையும் தகாத நிலையில் முன்பே கண்டவன். மறுநாள் காலை அவ்விருவரும் சேர்ந்து உண்டுகொண்டிருந்ததைக் கண்டபோது கொன்றுவிட்டான். சேர்ந்து சாப்பிடுவதைப் பார்த்தால் கொலைவெறி வருமா என்று கேட்கத் தோன்றும். முன்பு கண்டது நீறுபூத்த நெருப்பாக மனத்தில் கிடந்தது, இனி ஒளிவுமறைவுகூட வேண்டியதில்லை என்று அவர்கள் துணிந்துவிட்டதை அந்தச் சாப்பாடு காட்டியது என்று அன்றைய நீதிபதிகள் பார்த்தார்கள். பாதிக்கப்பட்டவரின் முந்தைய செயல் எதிரியின் மனத்தில் உண்டாக்கிவைத்த பின்னணியையும் கணக்கில் எடுக்கலாம் என்ற கொள்கையை இத்தகைய தீர்ப்புகளிலிருந்தே சுப்பாராவ் திரட்டுகிறார். நானாவதிக்கு இது கதவைத் திறந்துவிட்டது போலத்தான் தோன்றும்.

அடுத்த படியிலேயே கதவு சாத்தப்படுகிறது. அந்தக் கொதிப்பு ஆறுவதற்கு முன்பே அடி விழுந்திருக்க வேண்டும். திட்டமிட இடம் இருந்திருக்கக் கூடாது. மனைவி சொன்ன நேரத்தில் நானாவதி ஒரு கணம் தன்னை இழந்திருக்கலாம் என்பதை நீதிமன்றம் ஏற்கிறது. ஆனால் அவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டது பகல் சுமார் 1.30 மணிக்கு, சுட்டது 4.20 மணிக்கு. இடையில் திரையரங்கு, கப்பல், பொய்க் காரணம், பழுப்பு உறை, அகுஜாவின் அலுவலகம். குடும்பத்தின் எதிர்காலத்தைப் பற்றி அவர் யோசித்துக்கொண்டிருந்ததாக அவர் தரப்பே சொன்னது, அவர் நிதானத்துக்குத் திரும்பிவிட்டதற்குச் சான்றாக அவருக்கே எதிராகத் திரும்பியது. விபத்து வாதத்தைச் சாய்த்ததில் ஒரு துண்டுக்கும் பங்குண்டு. குளித்துவிட்டு வந்த அகுஜா இடுப்பில் துண்டோடு மட்டும் இருந்தார். மார்பிலும் இடக்கை விரலிடையிலும் தலையிலும் காயங்களோடு அவர் விழுந்து கிடந்தபோதும் துண்டு இடுப்பிலேயே இருந்தது. உயிருக்குப் போராடிக் கட்டிப்புரண்ட இருவரில் ஒருவருடைய துண்டு அவிழாமல் இருக்குமா? நடைபாதையில் கேலிப்பொருளாக விற்ற அதே துண்டுதான், நீதிமன்றத்தில் பேசிய சாட்சி.

தற்கொலைக்காக வாங்கிய துப்பாக்கி என்ற விளக்கத்தை நான் ஒருபோதும் முழுதாக நம்பியதில்லை. முழுதாகத் தள்ளியதும் இல்லை. அந்த 3 மணி நேரத்தில் அவருக்கே தன் நோக்கம் எதுவென்று தெளிவாகத் தெரிந்திருந்ததா என்று ஐயப்படுகிறேன். சம்பவத்துக்குப் பின் கடற்படை அதிகாரி ஒருவரிடம் அவர், என்ன நடந்ததென்று சரியாகத் தெரியவில்லை, ஒருவரைச் சுட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவரே போய்க் காவல்துறையில் சரணடைந்தார்.

ஆயுள் தண்டனையை முழுதாக அவர் அனுபவிக்கவில்லை. 1964-இல் மகாராஷ்டிர ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட் மன்னிப்பு வழங்கினார். அதே சமயத்தில் சிந்தி வணிகர் பாய் பிரதாப்புக்கும் மன்னிப்பு கிடைத்தது. இரு சமூகங்களையும் ஒருசேரச் சமாதானப்படுத்திய ஏற்பாடு அது என்று பேசப்பட்டது. 1968-இல் நானாவதி குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார். 2003-இல் அங்கேயே காலமானார்.

எங்கள் நூலகத்துத் தொகுதியில், அகமதுநகர்ப் பயணம் என்று அவர் சொன்ன பொய் வரும் வரியின் ஓரத்தில் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். அதற்குச் சற்று மேலே, பழைய மாதிரிக் கையெழுத்தில், 'நாய்க்கு மருந்து வாங்கினாரா?' என்று எழுதியிருந்தது.