கோழிக்கூட்டுக் கூரையில் கிடந்த ‘விலாஸ்’

“ஐயான்ர கடைப் போட் கோழிக்கூட்டுக்கு மேல கிடக்கு. பழைய இரும்புக்காரன் கேக்கிறான். குடுக்கட்டே?”

தன் ஐயாவின், அதாவது என் அம்மப்பாவின், கடைப் பெயர்ப்பலகையைப் பற்றி மாமா போனில் இப்படிக் கேட்ட அன்று இரவே கொழும்பிலிருந்து யாழ்ப்பாண பஸ் ஏறினேன். விளம்பரப் பலகை செய்யும் பட்டறையில்தான் எனக்கு வேலை. இப்போது எங்கும் எல்.ஈ.டி.தான். வாயு அடைத்து ஒளிரவிடும் நியான் கண்ணாடிக் குழாய்களை வளைத்த பெரியவர்களிடம் தொழில் பார்த்த கடைசி ஆட்களில் நானும் ஒருவன். குழாயில் வாயு இன்னும் நிற்கிறதா என்று மின்பொறியால் பார்க்கும் ஸ்பார்க் டெஸ்டரை அவர்களில் ஒருவரிடம் கெஞ்சி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

விடியப்புறம் வவுனியாவில் இறங்கினேன். அங்கே ஒரு பெட்டி எடுக்க இருந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது வன்னிக்கு மின்சாரம் நின்றது. ‘கரண்ட் வரேக்க பூட்டலாம்’ என்று சொல்லி, அம்மப்பா கடைப் போட்டிலிருந்த கண்ணாடிக் குழாய்களைக் கழற்றி, வைக்கோல் அடைத்த மரப்பெட்டியில் வைத்து வவுனியாவிலுள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கரண்ட் வந்தபோது அவர் இல்லை. பெட்டி சாமியறை மூலையில் அப்படியே இருந்தது. பெரியம்மா அதைத் துடைத்துத் தந்தார்.

அடுத்த பஸ்ஸில் பெட்டி என் மடியில். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் நெஞ்சு அடித்தது. முறிகண்டியில் எல்லாரும் இறங்கித் தேங்காய் உடைத்தார்கள். நான் இறங்கவில்லை. பக்கத்து ஆசனத்து அக்கா எனக்கும் சேர்த்து ஒரு சரை கச்சான் வாங்கி வந்தார்.

மாமா வீடு இரணைமடுச் சந்திக்குக் கிட்ட. போட்டைக் கூரையிலிருந்து இறக்கி, மாமரத்தடியில் சாய்த்து வைத்திருந்தார். ஆறடித் தகரப்பெட்டி. முன்பாதியில் எனாமலில் எழுதிய பெயர் பாதி உரிந்துவிட்டது. பின்பாதியில் ‘விலாஸ்’ என்ற எழுத்துகளின் தடமும், குழாய் தாங்கும் பீங்கான் குமிழ்களும் மட்டும். 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடும்போது, தகரம் என்பதற்காகவே மாமா இதை டிராக்டரில் ஏற்றினார். பிறகு போன இடமெல்லாம் அது கூரையாக இருந்தது. வலது ஓரத்தில் ஷெல் துண்டு துளைத்த ஓட்டை, கட்டைவிரல் நுழையும்.

மரப்பெட்டியைத் திறந்தோம். ‘வி’ மூன்று துண்டாகக் கிடந்தது. ‘லா’வும் ‘ஸ்’ஸும் முழுசாக இருந்தன.

மாமாவின் மகள் உடைந்த துண்டைத் தொடப் போனாள், தடுத்தேன். பிறகு வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே வெள்ளைப் பூச்சு இல்லாத வெறும் கண்ணாடி. அப்படியென்றால் பெரும்பாலும் அசல் நியான், செம்மஞ்சள் ஒளி. நீலம், பச்சை என்றால் ஆர்கனோடு பாதரசமும் இருக்கும். அது உடைந்தால் வெறுங்கையால் கூட்டக் கூடாது.

‘லா’வைக் கையில் எடுத்துக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு எழுத்தும் ஒரே குழாயில் சுற்றி வருகின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் இணைப்பு இருளில் தெரியாமலிருக்கக் கறுப்பு மை பூசியிருக்கிறார்கள். இதைச் செய்தவர் எழுத்தைத் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல வரைந்து வைத்து, தீச்சுவாலையில் குழாயை இளக்கி, வளைவு நசுங்காமலிருக்க ரப்பர் குழாயால் வாயால் ஊதி ஊதி வளைத்திருப்பார். நேர்கோட்டு ஆங்கில எழுத்துக்கே கை நடுங்கும். தமிழ் ‘லா’வின் சுழியை இப்படி வளைத்த அந்தக் கைக்கு என் வணக்கம்.

“உள்ளுக்க என்னண்ணா கிடக்கு?” என்றாள் தங்கச்சி. நியான், காற்றில் ஐம்பத்தையாயிரத்தில் ஒரு பங்களவு இருக்கும் வாயு என்றேன். 1898இல் ராம்சேயும் டிராவர்ஸும் லண்டனில் அதைக் கண்டுபிடித்தார்கள். 1910இல் ஜார்ஜ் க்ளாட் பாரிஸில் அதைக் குழாயில் அடைத்து ஒளிரவிட்டார். பல்பில் இருப்பதுபோல எரிந்து அறுந்துபோக இதில் இழை கிடையாது. காற்றுப் புகாமல் இருந்தால் நெடுங்காலம் கழித்தும் எரியும்.

பொழுது படட்டும் என்று காத்திருந்தோம். அதற்குள் மாமாவுக்கும் எனக்கும் சின்ன இழுபறி. அவர் புது எனாமல் வாங்கி வைத்திருந்தார்.

“ஓட்டைய அடைச்சு, புதுசா அடிச்சுப் போடுவம், தம்பி.”

“வேண்டாம் மாமா. தூசியை மட்டும் மென்மையான பிரஷால தட்டி, துருவுக்கு மெழுகு பூசினா போதும்.”

லாஸ் வேகாஸில் 1996இல் தொடங்கிய நியான் அருங்காட்சியகத்தின் முற்றத்தில் பல பலகைகளைப் புதுப்பிக்காமல், துருவோடு நிறுத்தி, கீழிருந்து விளக்குப் பிடித்திருக்கிறார்கள். ஹொங்கொங்கில் ஓர் உணவகத்தின் நியான் பசுவை எம் பிளஸ் அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டது. நம்மூரில் போரில் விழுந்து கிடந்த கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கி வருசக்கணக்காகக் காட்சிப்பொருளாக இருந்தது, பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து பார்த்தார்கள். அந்தத் தாங்கிக்குக் கீழே பிளேன்டீ குடித்து, கடன் சொல்லி, கலியாணம் பேசிய கடைத்தெருவின் ஒரு பலகை கூட எங்கும் வைக்கப்படவில்லை. அது எனக்கு ஆறாத கோபம். மாமாவிடம் இதைத்தான் சொன்னேன். அவர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“சரி. இது இருக்கட்டும்.”

ஏழு மணிக்கு லைட்டை அணைத்தோம். டெஸ்டர் முனையைக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோனேன். சரசரவென்று ஒரு சத்தம். ‘லா’வின் அடியில் செம்மஞ்சள் படர்ந்து, சுழி வழியாக ஏறி, ‘ஸ்’ஸின் புள்ளிவரை ஓடியது. மாமி “ஐயோ!” என்று வாயைப் பொத்தினார். மாமா ஒன்றும் பேசவில்லை. முனையை எடுத்தேன், அணைந்தது.

“இன்னொருக்காக் காட்டு,” என்றார் மாமா.

நாலைந்து தரம் காட்டினேன்.

உக்கிப்போன பழைய வயரை எல்லாம் கழற்றிவிட்டேன். ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும் பொருள் அது. புது டிரான்ஸ்போமரும் அதற்குரிய தடித்த வயரும் இல்லாமல் யாரும் கரண்ட் கொடுக்கக் கூடாது என்று தங்கச்சியைக் கொண்டு ஒரு அட்டையில் எழுதி ஒட்டினேன். போட் இப்போது மாரி மழை படாத முன்விறாந்தைச் சுவரில், ஒழுங்கையில் போகிறவர்களுக்குத் தெரியும் உயரத்தில் இருக்கிறது. ‘வி’யின் மூன்று துண்டையும் பழைய துணியில் சுற்றிக் கொழும்புக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அதன் அளவெடுத்துத் தாளில் தலைகீழாக வரையத் தொடங்கிவிட்டேன்.