ரீலோட் கொப்பியில் இருந்த நம்பர்

திருகோணமலையில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, லெமினேட், ரீலோட், போன் ரிப்பேர். ரீலோட் போட வருகிறவர்கள் நம்பரைத் தங்கள் கையாலேயே எழுத வேண்டும் என்பது என் கடைச் சட்டம். ஒரு இலக்கம் மாறி வேறு யாருக்காவது காசு போய்விட்டால், "நான் சொன்னது ஆறு, நீங்கதான் ஒன்பது அடிச்சீங்க" என்று சண்டை வரும். அதற்காக மேசையில் ஒரு சீ.ஆர். கொப்பியும் நூலில் கட்டிய பேனாவும் எப்போதும் இருக்கும்.

போன வருடம் சித்திரை விடுமுறையில் ஒரு நாள் கணக்குப் பார்த்தபோது, ஒரே நம்பர் எட்டுத் தடவை எழுதப்பட்டிருந்தது. எழுத்து அக்காவின் மகனுடையது. ஏழுக்கு நடுவில் கோடு போடும் பழக்கம் எங்கள் வீட்டில் அவனுக்கு மட்டும்தான். 100, 200 என்று தொடங்கி, கடைசி மூன்றும் 1000. எல்லாம் சேர்த்து 4,500 ரூபா. பதினான்கு வயதுப் பொடியன். அத்தான் கட்டாரில். அக்காவின் பணப்பையிலிருந்துதான் காசு போயிருக்கிறது.

கேட்டேன். "கூட்டாளிக்கு மாமா" என்றான். எந்தக் கூட்டாளி என்று கேட்டதும் முகம் வெளிறிப்போனது. கடையை அரைக் கதவு இழுத்துவிட்டு உட்கார வைத்தேன். சொல்லி முடிக்க ஒரு மணித்தியாலம் ஆனது. பேஸ்புக்கில் ஒரு "பெண் பிள்ளை" பழகியிருக்கிறாள். படம் அனுப்பியிருக்கிறாள், படம் கேட்டிருக்கிறாள். இவன் அனுப்பிய மறுநாளே பேச்சு மாறிவிட்டது. ரீலோட் போடு, இல்லாவிட்டால் உன் வகுப்புப் பொடியன்களுக்கு எல்லாம் போகும். அந்த வகுப்புப் பொடியன்களின் பெயர்களை வரிசையாக எழுதி அனுப்பியிருந்தானாம் அந்த ஆள். அதுதான் பிள்ளையை உடைத்திருக்கிறது.

அது முதல் தடவை. முதல் தடவை என்று ஏன் சொல்கிறேன் என்றால், அன்றிலிருந்து அவன் இந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொன்னான் என்று நான் எண்ணிக்கொண்டே வந்தேன்.

அன்றிரவு நான் ஒரு மடத்தனம் செய்தேன். பத்து வருடமாகப் போன் திருத்துகிற ஆள், அந்த அவசரத்தில் மூளை வேலை செய்யவில்லை. "முதல்ல அந்தக் கணக்கை அழி" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே பேஸ்புக் கணக்கை அழிக்கக் கொடுத்துவிட்டேன். தொல்லை விட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வட்ஸ்அப்பில் வேறொரு நம்பரிலிருந்து மெசேஜ் வந்தது: "ஒளிஞ்சிட்டா விட்டுடுவனா?"

அக்கா பத்திரகாளி கோயிலுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். நான் 1929க்கு அடித்தேன். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், இரவு பகல் எந்த நேரமும் அடிக்கலாம், தமிழிலும் பேசலாம். எடுத்தவர் முதலில் கேட்டது: "பிள்ளை இப்ப உங்களோட இருக்கிறாரா? சாப்பிட்டாரா? தனிய விடாதீங்க." அதற்குப் பிறகுதான் விபரம் கேட்டார். முறைப்பாட்டுக்கு ஒரு இலக்கம் தந்தார். இனிக் காசு போட வேண்டாம், எதையும் அழிக்க வேண்டாம், போனுடன் பொலிஸுக்குப் போங்கள் என்றார். அழித்ததைச் சொன்னேன். ஒரு கணம் பேச்சில்லை. "பரவாயில்ல, பொலிஸில அதையும் சொல்லுங்க" என்றார்.

எந்தப் பொலிஸ் நிலையம் என்று எழுதப்போவதில்லை. வாசலில் இருந்தவர் எங்களை முறைப்பாட்டு மேசைக்கு அனுப்பினார். அங்கே வாங்கிலில் ஏழெட்டுப் பேர். மாடு திருடுபோனவர், சைக்கிளில் மோதுப்பட்டவர். மேசைக்காரர் அரைகுறைத் தமிழில் "என்ன நடந்த? பொடியன் சொல்லட்டும், சத்தமா" என்றார். மருமகன் வாயைத் திறந்து மூன்று வசனம் சொல்வதற்குள் வாங்கில் முழுக்க அமைதியாகிவிட்டது. எல்லாரும் கேட்கிறார்கள். அவர் சிங்களத்தில் எழுதிக்கொண்டே, "படம் அனுப்பினது நீதானே, அப்ப உன்னிலயும் பிழைதானே" என்றார். எழுதியதை என் பக்கம் திருப்பி ஒப்பம் கேட்டார்.

எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. வடக்குக் கிழக்கில் தமிழும் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் சட்டம் பேசுகிற தைரியம் எனக்கு வரவில்லை. "சேர், வாசிச்சு விளங்காம ஒப்பம் வைக்க ஏலாது. சிறுவர் மகளிர் பிரிவில சொல்லுறம்" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பிரிவு அதே வளவுக்குள் இருப்பது 1929இல் பேசியவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நேராக அங்கே போயிருந்தால் அந்த இரண்டாம் தடவை இல்லாமலே போயிருக்கும். போகிறவர்கள் வாசலிலேயே "சிறுவர் மகளிர் பிரிவு" என்று கேளுங்கள், முறைப்பாட்டு மேசையில் கதை தொடங்க வேண்டாம்.

தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர் அன்று இல்லை, மறுநாள் காலை வரச் சொன்னார்கள். வந்தவர் சீருடை போடாமல் சாதாரண உடுப்பில் இருந்தார். என்னை வெளியே நிற்கச் சொல்லி, அக்காவை மட்டும் பிள்ளையின் பக்கத்தில் இருத்தினார். கதவை முழுக்கச் சாத்தவில்லை, ஒரு சாண் திறந்திருந்தது. அவர் சொன்ன ஒரு விஷயம் வெளியே எனக்கும் கேட்டது: "தெரியாததத் தெரியாது எண்டு சொல்லலாம் தம்பி. மறந்திருந்தா மறந்துட்டன் எண்டு சொல்லலாம். எனக்குப் பிடிக்கும் எண்டு எதையும் சேர்த்துச் சொல்ல வேணாம்." இரண்டரை மணித்தியாலம் ஆனது. தமிழில் எழுதி, வரிவரியாக வாசித்துக் காட்டி, அவன் இரண்டு இடத்தில் திருத்திய பிறகுதான் ஒப்பம். மூன்றாம் தடவை.

கணக்கை அழித்த கதையைக் கேட்டதும் அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். "அண்ணன், நீங்க போன் கடைதானே வச்சிருக்கீங்க?" சரி, வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் வழியும் அவரேதான் சொன்னார். பேஸ்புக்கில் அழிக்கக் கொடுத்தாலும் 30 நாளைக்குள் திரும்ப உள்ளே போனால் அதை ரத்துச் செய்யலாம். எங்களுக்கு அன்று ஐந்தாவது நாள். அவர் முன்னாலேயே மருமகன் உள்ளே போனான். எல்லாம் அப்படியே இருந்தது. மெசேஜ்களைத் திகதியும் கணக்கின் முகவரியும் தெரிகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்தார்கள். வெளிநாட்டுக் கொம்பனியிடம் தரவு கேட்பதற்கும் வழி இருக்கிறதாம். கணினிக் குற்றங்களுக்கான புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இலங்கை 2015இலேயே சேர்ந்துவிட்டது. அதன்படி, முறையான கட்டளை வரும்வரை தரவை அழியாமல் வைத்திருக்கச் சொல்லலாம். "ஆனா அது வரேக்குள்ள வரட்டும், உங்கட கையில வேற என்ன இருக்கு?" என்றார். அப்போதுதான் கொப்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் கண் விரிந்தது.

கொப்பி அன்றைக்கே வழக்குப் பொருளாகப் போனது. பின்பக்கத்தில் என் கடன் கணக்கு முழுக்க இருந்தது, அதுவும் சேர்ந்து போய்விட்டது. கடன்காரர்களில் ஒரேயொருவர்தான் தானாக வந்து காசைக் கட்டினார்.

போனைக் கொடுப்பதற்கு முதல் ஒரு நாள் அவகாசம் தந்தார்கள், அதில் ஒரு வேலை செய்தோம். அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டப்பட்ட சிறுவர்களுக்கான தேசிய நிலையம் நடத்துகிற "டேக் இட் டவுன்" என்ற சேவை இருக்கிறது. 18 வயதாகு முன் எடுத்த படத்துக்குத்தான். படம் போனை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை மாதிரி ஒரு இலக்கத் தொடர் மட்டும் போகும். சேர்ந்திருக்கிற தளங்களில் அதே படம் ஏறினால் அந்த இலக்கத்தை வைத்துப் பிடித்து நீக்குவார்கள். பேஸ்புக்கும் இன்ஸ்டகிராமும் அதில் உண்டு. வட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புவதை இதால் தடுக்க முடியாது, அதையும் அவனுக்கு மறைக்காமல் சொன்னேன். அறைக்குள் தனியாக இருந்து அவனே செய்தான். நான் கதவுக்கு வெளியே நின்று எந்தப் பொத்தான் என்று மட்டும் சொன்னேன். அந்தப் படத்தை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் சொந்தத்தில் ஒருவர், நல்ல மனசோடுதான், "படத்தை எனக்கு வட்ஸ்அப்பில போடு, கொழும்பில எனக்கு ஆள் இருக்கு" என்றார். பிள்ளைகளின் அப்படியான படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவில் குற்றம், இரண்டிலிருந்து பத்து வருடம். உதவி என்ற பேரில் அனுப்பினாலும் படம் இன்னொரு போனுக்குப் போனது போனதுதான். 1995இல் அந்தப் பிரிவைச் சேர்த்தபோது படம் கழுவுகிற ஸ்டூடியோக்காரர்களுக்கும் ஒரு கடமை வைத்தார்கள்: பிலிமில் அப்படி ஒன்றைக் கண்டால் உடனே பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். போன் ரிப்பேருக்கு வருகிற இந்தக் காலத்தில் என் மாதிரி ஆட்கள் அதை மனதில் வைத்திருப்பது நல்லது.

நான்காவது தடவை சட்ட வைத்திய அதிகாரியிடம். பொலிஸ் தந்த படிவத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். போனில் நடந்த விஷயத்துக்கு ஏன் டொக்டர் என்று எனக்கு எரிச்சல். அந்த ஆள் எப்போதாவது நேரில் சந்தித்தானா என்ற சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும், பிள்ளையின் மனநிலையையும் யாராவது பார்க்க வேண்டும் என்றார்கள். டொக்டர் எதைச் செய்வதற்கு முதலும் அவனிடமே சம்மதம் கேட்டார். வேண்டாம் என்றால் நிறுத்தலாம் என்றார். மனநலப் பிரிவுக்கு ஒரு துண்டும் எழுதித் தந்தார். திரும்பும்போது கோட்டையடியில் ஓட்டோவை நிற்பாட்டி, மான்களுக்கு வாழைப்பழத் தோல் கொடுத்தான். அந்தக் கிழமையில் அவன் சிரித்தது அப்போதுதான்.

அப்புறம் பிரதேச செயலகம். அங்கே நன்னடத்தை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் என்று மூன்று பேர். முதலாமவர் மாகாணத் திணைக்களம், இரண்டாமவர் மத்திய திணைக்களம், மூன்றாமவர் 1929இன் ஆள். மூன்று பேருக்கும் வீட்டு நிலைமை அறிக்கை வேண்டும். மூன்று பேரும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் பிள்ளைக்கு அது ஐந்தாவது, ஆறாவது தடவை. ஏழாவது தடவைக்கு நான் விடவில்லை. பொலிஸ் பெண் உத்தியோகத்தரிடம் கேட்டேன். "திகதி வரிசையா ஒரு பக்கத்தில எழுதி வைக்கட்டும். அவர்தான் எழுதணும், அவரிட சொல்லில. நீங்க ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது, பிறகு கோட்டில மாமா சொல்லிக் குடுத்தது எண்டு சொல்லுவாங்கள்" என்றார். அவன் எழுதினான். மூன்றாமவர் அதை வாசித்துவிட்டு, பள்ளிக்கூடம், சாப்பாடு, தூக்கம் பற்றி மட்டும் கேட்டார்.

1999இன் சான்றுச் சட்டத்தில் பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் ஒரு தடவை பதிந்து, அதையே நீதிமன்றத்தில் சாட்சியாகக் காட்டலாம் என்று இருக்கிறது. குறுக்கு விசாரணைக்கு மட்டும் பிள்ளை வந்தால் போதும். எங்களுக்குச் சொன்ன இடம் கொழும்புப் பக்கம் மாதிவெல, அதிகார சபையின் தலைமைக் காரியாலயம். இரவு ரயிலில் போய் வர வேண்டும். எங்கள் வழக்கில் எழுத்து வாக்குமூலம் போதும் என்று முடிவானது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது, ஒரு பிள்ளை இன்னும் ஆறு தடவை சொல்கிறது என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆளைப் பிடித்த விதத்தைத் தொழில்காரனாகவே சொல்கிறேன். பொலிஸார் பீ அறிக்கையோடு, அதாவது விசாரணை விபரத்தை நீதிமன்றத்துக்குச் சொல்லும் அறிக்கையோடு, நீதவானிடம் போய், தொலைபேசிக் கொம்பனிக்குக் கட்டளை எடுத்தார்கள். கொப்பியில் இருந்த நம்பர் வேறொரு மாவட்டத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாவின் அடையாள அட்டையில் இருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது. வழி முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் சிம்மை மாற்றலாம், போனுக்குள் இருக்கிற ஐ.எம்.ஈ.ஐ. என்ற 15 இலக்க அடையாள நம்பர் அதோடு மாறாது. அந்த சிம் ஓடிய அதே போனில் இன்னொரு சிம்மும் ஓடியிருக்கிறது, அது ஒருவனின் சொந்தப் பெயரில். இருபத்திரண்டு வயது. அவனுடைய போனில் வேறு பிள்ளைகளின் விஷயமும் இருந்ததாம். யார் எவர் என்று உத்தியோகத்தர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதலில் விளக்கமறியல், பிறகு பிணை. பிணையில் வந்தவன் எங்கள் பக்கம் எந்த வழியிலும் தொடர்புகொள்ளக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்புச் சட்டம் 2015இல் வந்து, 2023இல் புதிதாக எழுதப்பட்டது. சாட்சியை மிரட்டினால் அதுவே தனிக் குற்றம். ஒரு நாள் ஊர் பெயர் தெரியாத ஒருவர் கடைக்கு வந்து "சமாதானமாப் பேசுவமா" என்று தொடங்கினார். அந்த மாலையே போய் முறைப்பாடு போட்டேன். பிறகு அவர் வரவில்லை.

இப்போது கோப்பு சட்டமா அதிபர் திணைக்களத்தில். அங்கிருந்து குற்றப்பத்திரம் வந்தால்தான் மேல் நீதிமன்றம். எத்தனை மாதம் என்று சட்டத்தரணியும் சொல்வதில்லை.

போன கிழமை மருமகன் கடைக்கு வந்தான். மீசை அரும்பத் தொடங்கிவிட்டது.

"மாமா, கோட்டில திரும்ப முதல்ல இருந்து சொல்லணுமா?"

"சொல்ல வேண்டி வரும் எண்டுதான் நினைக்கிறன்."

கொஞ்ச நேரம் நூலில் தொங்கிய பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த அந்தத் தாளை எடுத்தான். மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன.

"அப்ப இதை லெமினேட் பண்ணித் தாங்க. திகதி மறந்திடும்."

பண்ணிக் கொடுத்தேன்.