குறிகளிலிருந்து பக்கங்களுக்கு

மூன்று நாளாக ஓர் அகராதியின் எக்ஸ்எம்எல் கோப்பை, அதாவது உரையின் ஒவ்வொரு பகுதிக்கும் அது என்னவென்று குறியிட்ட கோப்பை, இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கங்களாக்கிக்கொண்டிருக்கிறேன். தலைச்சொல், பொருள், எடுத்துக்காட்டு என ஒவ்வொன்றும் தன் குறியோடு வருகிறது. அந்தக் குறிக்கும், எழுத்துரு, அளவு போன்றவற்றைத் தொகுத்து வைக்கும் பாணிக்கும் ஒரே பெயரை வைத்து, பெயரால் பொருத்தச் சொன்னால் போதும். எல்லாப் பதிவுகளும் அதனதன் எழுத்துருவில் அமர்ந்துவிடுகின்றன. தலைச்சொற்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் தடித்து நின்றபோது மனம் நிறைந்துவிட்டது.

ஆனால் முதல் நாள் முழுவதையும் வெற்றிடம் விழுங்கியது. கண்ணுக்கு வசதியாக உள்தள்ளி எழுதிய கோப்பு அது. இணைய உலாவி அத்தகைய இடைவெளிகளைச் சுருக்கிவிடும். இன்டிசைனோ அவற்றையும் உரையாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் பக்கமெங்கும் வெற்று வரிகள், பொருளுக்கு முன்னால் காரணமில்லாத இடைவெளி. கையால் அழிப்பது தீராத வேலை. இறக்குமதியின்போதே, எக்ஸ்எம்எல்லை மாற்றியமைக்கும் விதிகளைக் கொண்ட ஓர் எக்ஸ்எஸ்எல்டி கோப்பை இயக்கி, வெற்றிடங்களை நீக்கி, ஒவ்வொரு பதிவின் முடிவிலும் மட்டும் ஒரு வரிமுறிவைச் சேர்த்தேன். அதன் பிறகு பக்கங்கள் சீராக ஓடின.

தமிழில் அச்சிடுபவர்கள் பத்திப் பாணியிலேயே வேர்ல்டு-ரெடி கம்போசரை, அதாவது இந்திய எழுத்துகளையும் சரியாகக் கோக்கும் இன்டிசைனின் அமைப்பை, தேர்ந்தெடுத்துவிடுங்கள். இல்லையென்றால் 'கொ' என்ற எழுத்தின் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும்.

பிழை கண்டால் பக்கத்தில் திருத்தாமல் மூலக்கோப்பில் திருத்துகிறேன். புதிய கோப்பை மீண்டும் இறக்குமதி செய்யும்போது, பக்கத்தில் மட்டும் செய்த திருத்தம் அழிந்துபோகும். இன்று மகர வரிசையைத் தொடங்குகிறேன்.