டிம்மர் சீலிங் விளக்குக்கு மட்டும், கண்ணாடிக்கு வேண்டாம்

குளியலறைக்கு டிம்மர் போடும்போது எல்.இ.டி. கண்ணாடியையும் அதே லைனில் சேர்த்துவிடாதீர்கள். வயர் மிச்சமாகும், கண்ணாடி கெட்டுப்போகும். அதற்குள் எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் தனி டிரைவர் இருக்கிறது. பல மாடல்களில் டச் சென்சாரும், ஆவி படியாமல் சூடாக்கும் பேடும் உண்டு. எல்லாமே முழு வோல்டேஜில் ஓட வேண்டியவை. டிம்மர் மின் அலையின் ஒரு பகுதியை வெட்டித்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டுப்பட்ட சப்ளையில் கண்ணாடி விளக்கு சிமிட்டும், டச் தாறுமாறாக வேலை செய்யும், டிரைவரும் சீக்கிரம் போகலாம். ஆகவே கண்ணாடிக்குச் சாதாரண சுவிட்ச், தனி ஃபேஸ், நியூட்ரல். எர்த் டெர்மினல் இருந்தால் எர்த் கட்டாயம். எக்ஸாஸ்ட் ஃபேனையும் விளக்கு டிம்மரில் கோக்கக் கூடாது.

சீலிங் விளக்குக்கு, டிம் செய்யலாம் என்று அச்சிட்டிருக்கும் எல்.இ.டி.யும் ட்ரெய்லிங் எட்ஜ் டிம்மரும் (அலையின் பின்பகுதியை வெட்டும் வகை) பொருத்தமான ஜோடி. பழைய டிம்மர்கள் இழை பல்புக்காகச் செய்தவை. அவற்றில் பலவற்றுக்குக் குறைந்தபட்ச லோடே 40 வாட், 60 வாட். 7 வாட் விளக்கு நான்கு மாட்டினால் மொத்தம் 28 வாட்தான், சிமிட்டாமல் என்ன செய்யும்? மேல் வரம்பையும் பாருங்கள். எல்.இ.டி. ஆன் ஆகும் நொடியில் இழுக்கும் கரண்ட் அதிகம் என்பதால், டிம்மரில் அதற்கென்று போட்டிருக்கும் வாட் அளவு இழை பல்பு அளவைவிட மிகக் குறைவு. கணக்குப் போட வேண்டியது அதை வைத்துத்தான்.

எம்.சி.பி.யை அணைத்துவிட்டு, ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த் இரண்டிலும் வோல்டேஜ் இல்லையா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள். வரும் ஃபேஸ் டிம்மரின் எல் முனையில், விளக்குக்குப் போகும் வயர் லோடு முனையில். நியூட்ரல் நேராக விளக்குக்கு. டிம்மரில் நியூட்ரல் முனையும் இருந்தால் ஒரு கிளை அதற்கும். இரண்டு இடத்தில் சுவிட்ச் வேண்டுமானால் டூ-வே டிம்மர் ஒன்று, மறுபக்கம் சாதாரண டூ-வே சுவிட்ச். சாதாரண டிம்மர் இரண்டைச் சேர்க்க முடியாது.

டிம்மர் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். ஷவருக்கு மேலே ஐபி65 விளக்கு, வாஷ்பேசின் கண்ணாடிக்கு ஐபி44 (தூசி, தண்ணீர் புகாமல் காக்கும் அளவைக் காட்டும் எண் இது). சர்க்யூட்டுக்கு, மின்கசிவு வந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள், டிம்மர் அப்புறம்.

கடைசியில் மினிமம் செட்டிங், அதாவது டிம்மர் வெளிச்சத்தை எவ்வளவு கீழே இறக்கலாம் என்ற அளவு. அதை மாற்றுவது டிம்மரில் உள்ள ட்ரிம் ஸ்க்ரூ என்ற சிறு திருகு. குமிழைக் கீழ்க்கோடிக்குத் திருப்பி, சிமிட்டல் நிற்கும்வரை ட்ரிம் ஸ்க்ரூவை ஏற்றுங்கள். அணைத்து மறுபடி போட்டு, அதே நிலையில் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள்.