பொலின்யா பாடம்: எதைப் பிடித்தால் எல்லாம் வரும்?

எம்.எஸ்சி. விலங்கியலில் சூழலியல் தாள் எழுதப் போகிறவர்களுக்கும், நெட் தேர்வுக்காகச் சூழலியல் அலகைக் கையில் எடுத்திருக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு பக்கமிருந்து பஸ் ஏறி வேலூர் வந்து படிக்கிற நம் பிள்ளைகளில் பலர், துருவக் கடல் என்று வந்தாலே அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டு காடு, புல்வெளி, குளம் என்று போய்விடுகிறார்கள். கத்திரி வெயிலில் மின்விசிறியும் அனல் கக்கும்போது கடற்பனியைப் பற்றிப் படிக்க மனம் ஒட்டாதுதான். ஆனாலும் தள்ளாதீர்கள். பனி மூடிய கடலுக்கு நடுவே உறையாமல் திறந்து கிடக்கிற நீர்ப்பரப்பைத்தான் பொலின்யா என்கிறோம். இந்த ஒன்றை ஒழுங்காகப் படித்தால் வெப்பம், உப்பு, ஒளி, உணவு வலை நான்கையும் ஒரே இடத்தில் படித்த மாதிரி.

நான் படித்த முறை இதுதான். வரையறையை மனப்பாடம் செய்வதற்கு முன்னால், எந்தப் பொலின்யா பெயர் வந்தாலும் ஒரே கேள்வி கேட்பேன்: இதைத் திறந்து வைத்திருப்பது காற்றா, வெந்நீரா? வெந்நீர் என்றால் கொதிக்கிற நீர் இல்லை, உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற ஆழ்கடல் நீர் மேலேறி வந்து பனியை உருக்குவது. அன்டார்க்டிகாவை ஒட்டிய வெடெல் கடலில் 1974 முதல் 1976 வரை குளிர்காலங்களில் திறந்த பொலின்யா இந்த வகை, தமிழ்நாட்டைவிடப் பெரியது. பிறகு பல பத்தாண்டுகள் அந்த அளவில் வரவேயில்லை, 2017இல் அதே பகுதியில் அதைவிடச் சிறியதாகத் திரும்பவும் திறந்தது. கரையோரப் பொலின்யாக்கள் பெரும்பாலும் காற்று வகை. அன்டார்க்டிகாவின் உயர்ந்த பனிமேட்டிலிருந்து சரிந்து இறங்கும் குளிர்காற்று, உருவாகிற பனியை உருவாக உருவாகக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே போகும். திறந்த நீர் மறுபடி உறையும், மறுபடி தள்ளப்படும். அதனால்தான் இவற்றைப் பனித் தொழிற்சாலை என்கிறார்கள்.

இங்கேதான் உப்பு வருகிறது, தேர்வில் கேட்பதும் இங்கேதான். கடல்நீர் ஏறத்தாழ மைனஸ் 1.8 டிகிரியில் உறையும், உறையும்போது உப்பில் பெரும்பகுதியை வெளியே விட்டுவிடும். இதை நான் வீட்டிலேயே செய்து பார்த்தேன். ஒரு எவர்சில்வர் டம்ளரில் உப்பு கரைத்த நீரை ஃப்ரீசரில் வைத்து, பாதி உறைந்ததும் எடுத்து, மேலே இருந்த பனிக்கட்டியை நல்ல நீரில் லேசாக அலசி நாக்கில் வைத்தேன், உப்பு குறைவு. அடியில் மிச்சமிருந்த நீர் வாயில் வைக்க முடியாத கரிப்பு. கடலிலும் அந்தக் கரிப்பு நீர்தான் கனத்துப் போய் அடியில் இறங்குகிறது. அன்டார்க்டிகாவின் ராஸ் கடல், கேப் டார்ன்லி போன்ற இடங்களில் இப்படி இறங்கும் நீரிலிருந்துதான் உலகப் பெருங்கடல்களின் தரையில் பரவும் அன்டார்க்டிக் அடிநீர் உருவாகிறது. கேப் டார்ன்லி இருப்பது கிழக்கு அன்டார்க்டிகாவில், நம் நாட்டின் பாரதி ஆய்வு நிலையம் இருக்கிற பிரிட்ஸ் விரிகுடாவுக்கு மேற்கே. நிலையத்தையும் சேர்த்து வரைபடத்தில் குறித்துவைத்தால் மறக்காது.

அப்புறம் உயிர்கள். நிறையப் பேர் “திறந்த நீர், அதனால் பாசி அதிகம்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், அது போதாது. நடுக்குளிர்காலத்தில் திறந்திருந்தாலும் வெளிச்சம் இல்லாததால் பாசி வளராது. அப்போது அது திமிங்கிலம், வால்ரஸ், சீல் மூச்சு விட வருகிற இடம், அவ்வளவுதான். வசந்தத்தில் வெளிச்சம் வந்த பிறகும் காற்று கடுமையாக அடித்தால் நீர் ஆழம் வரை கலங்கி, மிதக்கும் நுண்பாசிகளை இருட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். காற்று தணிந்து, உருகிய பனியின் நன்னீர் மேலே மெல்லிய அடுக்காகப் படிந்து, பாசிகளை வெளிச்சத்திலேயே நிறுத்தி வைக்கும்போதுதான் பெருக்கம் வெடிக்கிறது. ஆக, பனியைத் திறக்க உதவிய அதே காற்று பாசிக்குத் தடையாகவும் நிற்கும். இந்த முரணை விடைத்தாளில் எழுதுகிறவரைத் திருத்துகிறவர் கவனிக்காமல் விடமாட்டார். ராஸ் கடலில் முதலில் பெருகுவது ஃபியோசிஸ்டிஸ் என்ற நுண்பாசி, அதே கடலின் டெரா நோவா விரிகுடாப் பக்கம் டயாட்டம் என்ற சிலிக்கா ஓட்டு நுண்பாசி. அன்டார்க்டிகாவின் அமுண்ட்சென் கடலில் உருகும் பனியாறுகள் தரும் இரும்புச்சத்தும் சேர்வதால் விளைச்சல் இன்னும் கூடுதல்.

ஆர்க்டிக்குக்கு ஒரே ஒரு உதாரணம் போதும், ஆனால் அதை ஆழமாகப் படியுங்கள்: கிரீன்லாந்துக்கும் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கும் நடுவில் இருக்கிற நார்த் வாட்டர் பொலின்யா. வடக்கே நேர்ஸ் நீரிணையில் பனி வளைவு ஒன்று பாலம்போல் இறுகி, வடக்கிலிருந்து வரும் பனியைத் தடுத்துவிடும். வளைவுக்கு இந்தப் பக்கம் இருக்கிற பனியைக் காற்றும் நீரோட்டமும் தெற்கே அள்ளிச் செல்லும். அங்கே கோபிபாட் என்ற மிதக்கும் சின்னஞ்சிறு ஓட்டுயிரிகளைத் தின்று கோடிக்கணக்கான லிட்டில் ஆக் என்ற சிறு கடற்பறவைகள் குஞ்சு பொரிக்கின்றன. அவற்றின் எச்சம் கரையில் விழுந்து புல்லும் தரைப்பாசியும் செழிக்க, அந்தப் பசுமையை மஸ்க் ஆக்ஸ் என்ற அடர்ந்த ரோமமுள்ள ஆர்க்டிக் விலங்கு மேய்கிறது. கடலில் பிடித்த சத்து நிலத்து மந்தைவரை போகிறது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்தது இந்தச் சங்கிலிதான், எத்தனை தடவை படித்தாலும் சலிக்கவில்லை.

பருவநிலை மாற்றம் பற்றிக் கேள்வி வந்தால் பொதுவாகப் புலம்பி எழுதாதீர்கள், சம்பவத்தைச் சொல்லுங்கள். 2010இல் பி-9பி என்ற மிதக்கும் பனிமலை மோதியதை ஒட்டி, கிழக்கு அன்டார்க்டிகாவில் மெர்ட்ஸ் பனியாற்றின் நாக்கு, அதாவது கடலுக்குள் நீண்டிருந்த பகுதி, முறிந்தது. பனியைத் தடுத்து நின்ற அந்தச் சுவர் போனதும் அங்கிருந்த பொலின்யா சுருங்கியது, பனி உற்பத்தியும் கனத்த உப்புநீரும் குறைந்தன. இந்த முறிவுக்குப் பருவநிலை மாற்றம்தான் காரணம் என்று எழுதிவிட வேண்டாம். பனியின் அமைப்பு மாறினால் என்னென்ன அடுத்தடுத்து மாறும் என்பதற்கு இது சான்று, அப்படி எழுதினால் சரி. பொலின்யா மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு, 1991-92 குளிர்காலத்தில் கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் உள்ள பெல்ச்சர் தீவுகளில் திறந்த நீர் உறைந்துபோய் ஈடர் வாத்துகள் பெருமளவில் செத்ததைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விடையில் படம் கட்டாயம். இடதுபக்கம் கரை, காற்றுக்கு ஒரு அம்பு, தள்ளப்படும் பனி, கீழே இறங்கும் உப்புநீருக்கு இன்னொரு அம்பு, மேலே நன்னீர் அடுக்கில் பாசி. ஆனால் உப்புநீர் இறங்குவது குளிர்காலம், பாசி பெருகுவது வசந்தமும் கோடையும். அதனால் ஒரே படத்தில் திணிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படமாகப் போட்டு, மேலே பருவத்தின் பெயரை எழுதிவிடுங்கள்.